ஆறு பி வகுப்பின் ஜனவரி

கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் வளைந்து திரும்பும் தெருவில் இருக்கும் தமிழ்ப் பாடசாலையின் ஆறு பி வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும், புதிய பாடத்திட்டம் நாடு முழுவதும் தொடக்கிவைக்கப்பட்ட ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி முப்பத்தேழு நிமிடத்தோடு வளர்வதை நிறுத்திக்கொண்டார்கள். அன்றைக்கு யார் எவ்வளவு உயரமோ இன்றைக்கும் அவ்வளவே. தனுஷன் என்ற பையனுக்கு அன்று கீழ்வரிசையில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. ஐந்து வருடமாக அது ஆடிக்கொண்டே இருக்கிறது, விழவில்லை. பாடசாலையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இப்போது அங்கே வேலை பார்க்கும் அப்பாவிகள் இரண்டு பேருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், கேட்க வேண்டியவர்களை யாரும் கேட்கமாட்டார்கள். வகுப்பாசிரியையின் பெயரை மட்டும் எழுதலாம், அவள் எதையும் மறுக்கவில்லை. ஜெயராணி. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கல்வியியற் கல்லூரி முடித்து, கொழும்புக்கு நியமனம் கிடைத்து வந்து, புறக்கோட்டை இரும்புக் கடையொன்றில் வேலை பார்க்கும் சுமனைக் கட்டிக்கொண்டு, கொட்டாஞ்சேனையிலேயே இரண்டு அறை வாடகை வீட்டில் இருப்பவள். அந்த முப்பத்தொரு பேரில் ஒருத்தி அவளுடைய மூத்த மகள் சுபாஷினி. ஆகவே மற்றவர்களுக்கு இது ஒரு செய்தி, அவளுக்கு வீட்டுக்குள் நடந்த காரியம்.

புதிய பாடத்திட்டம் ஒரு வருடம் முன்னாலேயே தொலைக்காட்சியில் வந்துவிட்டது. இனிமேல் தடித்த பாடப்புத்தகம் கிடையாது, மெல்லிய மொடியூல். மனப்பாடம் கிடையாது, செயற்பாடு. தவணைப் பரீட்சை கிடையாது, ஒவ்வொரு மொடியூலாக முடித்துப் புள்ளி சேர்ப்பது. மேசைகள் இனி வரிசையாக நிற்காது, வட்டமாக நிற்கும். ஆசிரியரும் இனி ஆசிரியர் இல்லை, வழிப்படுத்துநர். சும்மா சொல்லக் கூடாது, கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஜெயராணி அதை மனதார நம்பினாள். பதினேழு வருடமாக "எழுதிக்கங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் கசந்திருந்தது. தன் மகளாவது அந்தக் கசப்பு இல்லாமல் படிக்கட்டும் என்று அதிபரிடம் கேட்டு ஆறு பியை வாங்கிக்கொண்டாள். இரத்மலானையில் ஒரு மண்டபத்தில் ஐந்து நாள் செயலமர்வு நடந்தது. நடத்தியவர் நல்ல மனிதர், சிங்களத்தில் நடத்தினார். தமிழ்ப்படுத்த வந்தவர் முதல்நாள் மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டார், அவருக்கு அதே நேரத்தில் வேறொரு மண்டபத்திலும் வேலையாம். மிச்ச நான்கரை நாளும் தமிழ்மொழி மூல ஆசிரியர்கள் எழுபது பேர், மற்றவர்கள் சிரித்தபோது சிரித்து, எழுதியபோது எழுதி, கடைசியில் சான்றிதழும் சோற்றுப் பார்சலும் வாங்கிக்கொண்டு வீடு வந்தார்கள். தமிழ் மொடியூல் எப்போது வரும் என்று ஒருவர் எழுந்து கேட்டார். அச்சில் இருக்கிறது என்று பதில் கிடைத்தது. அச்சில் இருக்கிறது என்ற வசனத்தைத் தமிழ்மொழி மூல ஆசிரியர் ஒருவர் தன் சேவைக் காலத்தில் குறைந்தது நானூறு தடவை கேட்டுவிடுகிறார்.

ஜனவரியில் சிங்கள மொடியூல் வந்தது, தமிழ் வரவில்லை. ஆனால் சுற்றறிக்கை இரண்டு மொழியிலும் சொன்ன நாளுக்கு வந்து சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலை 9.37 சுபவேளை. நாட்டிலுள்ள ஆறாம் தரப் பிள்ளைகள் எல்லோரும் அந்த நிமிடத்தில் முதலாவது மொடியூலின் முதலாவது பக்கத்தைத் திறக்க வேண்டும். பாடசாலைக்கு ஒரு வகுப்பாவது திறக்கும்போது எடுத்த படம் பத்து மணிக்குள் கல்விப் பணிமனையின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போக வேண்டும். படம் அனுப்பாத பாடசாலைகளின் பட்டியல் அன்று மாலையே மேலே போகும். இவ்வளவு துல்லியமாக நேரம் பார்த்தவர்கள் புத்தகம் வரும் நேரத்தையும் பார்த்திருக்கலாம். அதிபர் அலவி சேர் மாளிகாவத்தைக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருடம் மிச்சம் வைத்திருந்தவர், திங்கட்கிழமை மத்தியானம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மத்தத் தமிழ் ஸ்கூலெல்லாம் மொடியூல் வரல்லன்டு எழுதிக் குடுக்கப் போறாங்களாம் டீச்சர். நாங்களும் அப்பிடியே எழுதிருவமா?" என்று கேட்டார். எழுதியிருந்தால் இந்தக் கதை இல்லை. யோசனை ஜெயராணிக்குத்தான் வந்தது, அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. மொடியூலின் தமிழ் அட்டைப்படம் மட்டும் ஆசிரியர்களின் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை முப்பத்தொரு பிரதி கலரில் எடுத்து, உள்ளே வெள்ளைத் தாள் வைத்து, நடுவில் ஸ்டேப்பிள் அடித்துவிட்டால் படத்தில் எவனுக்குத் தெரியப்போகிறது? "போட்டோவுல அட்டை மட்டும்தானே சேர் தெரியும். உண்மையானது வந்தோன்ன மாத்திக் குடுத்துருவோம்," என்றாள். இப்படிச் சமாளிப்பதில் நம் ஆட்களை அடிக்க ஆளில்லை. கொட்டாஞ்சேனையில் அடித்தால் பெற்றோர் யாராவது கண்டுவிடுவார்கள் என்று பின்னேரம் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய், ஜவாத் நானாவின் போட்டோ கொப்பிக் கடையில் வேலைகளை எல்லாம் முடித்து, பொதியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிள்ளைகளிடம் ஒளிக்கவில்லை, உள்ளே ஒன்றும் இல்லை, பரவாயில்லை, இருப்பதுபோல் பாருங்கள் என்றே ஜெயராணி சொல்லிக்கொடுத்தாள். முன்வரிசை நடுவில் சுபாஷினியை உட்காரவைத்தாள். மணி அடித்தது, முப்பத்தொரு பேரும் வெள்ளைத் தாளைத் திறந்து, அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். தனுஷன் ஒரு தும்மல் போட்டான், அவ்வளவுதான் நடந்தது. படம் மிகச் சிறப்பாக வந்திருந்தது. பணிமனையிலிருந்து கைதட்டும் பொம்மைகள் பதினாறு வந்தன. உண்மையைச் சொல்லி எழுதிக்கொடுத்த தமிழ்ப் பாடசாலைகளின் பெயர்கள் அன்று மாலையே பட்டியலில் ஏறின. அந்தப் பாடசாலைகளின் அதிபர்கள் திட்டு வாங்கினார்கள். அலவி சேருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதைக் கண்ணாடி போட்டுத் தன் கந்தோர் அறைச் சுவரில் மாட்டினார். ஜெயராணி அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நகம் வெட்டிவிடுவது அவள் வழக்கம். சின்னவள் டிலுக்ஷி அப்போது மூன்றாம் தரம், எட்டு வயது, வாராவாரம் நகத்துக்குள் களிமண்ணோடு வந்து உட்காருவாள். பெப்ரவரி முடிகிறபோது, சுபாஷினியின் கையைப் பிடித்தால் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதை ஜெயராணி கவனித்தாள். கல்சியம் குறைவாக்கும் என்று மாத்திரை வாங்கினாள். மார்ச்சில் தனுஷனின் தகப்பன் காளியப்பன் வந்தார், துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் மூட்டை தூக்குகிறவர். "டீச்சர், எம்மவனுக்கு முடி வெட்டி மூணு மாசமாச்சு. வளரவே இல்ல. சலூன்காரரு என்னயப் பாத்துச் சிரிக்கிறாரு," என்றார். அதே வகுப்புப் பையன் நப்ரீஸின் தாய் பைறோஸா வீட்டுச் சுவரில் மாதா மாதம் மகனின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறவள். ஒரே கோட்டின் மேல் நான்கு தடவை போட்டுக் கோடு தடித்துப்போயிருப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்து காட்டினாள். ஜூனில் மருத்துவப் பரிசோதனைக்கு வந்த டொக்டர், முப்பத்தொரு பேரின் உயரமும் நிறையும் ஜனவரிப் பதிவோடு அப்படியே பொருந்துவதைப் பார்த்து, தாதி பழைய ஏட்டைப் பார்த்து எழுதிவிட்டாள் என்று அவளுக்கு ஏசிவிட்டுப் போனார். அதற்குள் வேறொன்றும் எல்லோருக்கும் பழகியிருந்தது. ஆறு பியின் கிழக்கு யன்னலால் விழும் வெயில், ஜனவரி மாதத்து ஒன்பதரை மணி வெயில், மூன்றாம் மேசையின் மேல் விழுந்தது விழுந்தபடி கிடந்தது. வெளியே மே மாத மழை கொட்டும்போதும் அது அங்கேயே கிடந்தது. மற்ற வகுப்பு டீச்சர்மார் நனைந்த குடைகளைக் கொண்டுவந்து அதில் விரித்துவைத்துவிட்டுப் போனார்கள்.

மே மாதம் தமிழ் மொடியூலும் வந்தது. இல்லையென்று எழுதிக்கொடுத்த பாடசாலைகளுக்கெல்லாம் லொறியில் போய் இறங்கியது. படத்தில் இல்லாத ஆறு ஏக்கும் ஆறு சீக்கும்கூட வந்தது, ஆறு பிக்கு மட்டும் வரவில்லை. ஜெயராணி பணிமனைக்குத் தொலைபேசி எடுத்தாள். எடுத்தவர் மரியாதையானவர். "ஓம் டீச்சர், சொல்லுங்கோ. உங்கட வகுப்புக்கு ஜனவரியிலயே முப்பத்தொண்டும் தந்தாச்சு எண்டு கிடக்கு," என்றார். வரவில்லை என்றாள். "என்ன வரேல்லை? படம் என்னட்டக் கிடக்கு. பிள்ளையள் கையில வச்சுக்கொண்டு சிரிக்கினம். நடுவில இருக்கிற பிள்ளை நல்ல வடிவாச் சிரிக்குது," என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு, அந்தப் படத்தைத் தன் கைப்பேசியில் எடுத்து ஜெயராணி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மற்றப் பிள்ளைகள் அந்த நல்ல நேரத்திலோ பிந்தியோ உண்மையான புத்தகத்தில் ஆறாம் தரத்தைத் திறந்தார்கள், தன் பிள்ளைகளுக்குத் தான் வெறுந்தாளைத் திறந்துவைத்தோம். அவர்களுக்கு அந்த வருடம் இன்னும் தொடங்கவே இல்லை.

வழி ஒன்றுதான் இருந்தது, அதுவும் சின்ன வழி. படம் பொய், கையில் இருந்தது வெறும் அட்டை என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். எழுதினால் உண்மையான மொடியூல் முப்பத்தொன்று வரும், இன்னொரு நல்ல நேரத்தில் திறக்கலாம். கடிதத்தை அதிபருடைய கந்தோரில் வைத்துத்தான் எழுதத் தொடங்கினாள். அலவி சேர் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "இந்தக் கடுதாசி போனா என்ட பென்ஷன் நின்டுரும் டீச்சர். ஒன்டரை வருஷம்தான் ஈக்கி, கொஞ்சம் பொறுங்க. புள்ளைகள் எங்க ஓடப் போகுதுகள், அங்கயே தானே ஈக்குதுகள்," என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது, அது நடிப்பில்லை. வீட்டில் சுமனும் பொறு என்றான். அவளுக்குச் சேவையில் தரமுயர்வு நேர்முகம் செப்டெம்பரில் இருந்தது, கடிதம் போனால் அதுவும் போய்விடும். ஜெயராணி பொறுத்தாள். அலவி சேருக்காகத்தான் பொறுத்தேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள், தன்னிடமும் சொல்லிக்கொண்டாள். அலவி சேர் ஒருவருக்காக மட்டும் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சும்மா இருக்கவும் இல்லை. வெள்ளவத்தையில் வேறொரு பாடசாலையில் படிப்பிக்கும் சிநேகிதியிடம் உண்மையான மொடியூலை இரவல் வாங்கி, மறுபடியும் ஜவாத் நானாவின் கடையில் பிரதி எடுத்து, பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். அவர்கள் மூன்று கிழமையில் முடித்தார்கள், இரண்டாவதையும் முடித்தார்கள், வருட முடிவில் ஆறாம் தரத்தில் இனிப் படிக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மொடியூலின் பின்னட்டையிலும் ஓர் இலக்கம் இருக்கும், அந்த இலக்கத்தைக் கணினியில் அடித்தால்தான் புள்ளி ஏறும், புள்ளி ஏறினால்தான் பிள்ளை ஏழாம் தரத்துக்குப் போகும். பிரதியில் இருந்த இலக்கங்கள் வெள்ளவத்தைப் பிள்ளைகளின் பெயருக்கு ஏற்கெனவே ஏறியிருந்தன. அடுத்த ஜனவரியில் புதிய பிள்ளைகள் வந்து ஆறு ஏயிலும் ஆறு சீயிலும் உட்கார்ந்தார்கள். ஆறு பி அப்படியே இருந்தது. நப்ரீஸ் ஒன்பதாம் தரக் கணக்குகளைப் பொழுதுபோக்குக்குச் செய்தான். பர்ஹா என்ற பிள்ளை, முன்பு ஆறு ஏயில் படித்த தன் கூட்டாளிகள் ஏழாம் தரத்தில் தாவணி உயரத்துக்கு வளர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, இடைவேளைக்கு வெளியே போவதை விட்டுவிட்டாள். அறிவு வளர்ந்தது, ஆள் வளரவில்லை.

அந்த இரண்டாம் வருடத் தீபாவளிக்கு ஜெயராணி பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு உடுப்பு எடுக்கப் போனாள். காலி வீதிக் கடைகளில் கால் வைக்க இடமில்லை. விற்பனைப் பெண் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்த்து, இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே அளவில், ஒரே மாம்பழ நிறத்தில் சட்டை எடுத்தார்கள். டிலுக்ஷிக்கு ஒரே சந்தோஷம். சுபாஷினி சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "அடுத்த வருஷம் தங்கச்சிக்குப் பெரிய சைஸ் எடுக்கணும், இல்லம்மா?" என்றாள். பிறகு, கடைப் பெண்ணுக்குக் கேட்காத குரலில், "நீ அந்தக் கடிதத்த எழுதிட்டியாம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முப்பத்தொரு பேருக்கும் தெரிந்திருந்தது. வெறுந்தாளைத் திறந்தவர்கள் அவர்கள்தானே. எழுதுறேன் என்றாள் ஜெயராணி. கேட்டதை மகள் மறுபடி கேட்கவில்லை, அதுதான் ஜெயராணியை வாட்டியது. வழியெல்லாம் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பிள்ளை என்னை ஏசித் தொலைத்தால் என்ன என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

அலவி சேர் ஓய்வுபெற்றார். பிரியாவிடை விழாவில் ஆறு பிப் பிள்ளைகள் வரவேற்பு நடனம் ஆடினார்கள், இரண்டு வருடம் பழகிய நடனம், அவ்வளவு சுத்தமாக ஆடினார்கள். ஜெயராணிக்குத் தரமுயர்வுக் கடிதம் அதற்கு முன்பே வந்திருந்தது. இனி எழுதலாம்தான். தந்ததைத் திருப்பி எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் இன்னும் நான்கு மாதம் போட்டாள். இதை மறைத்துவிட்டு அவளை நல்லவளாக எழுதுவது சுலபம், ஆனால் அந்த நான்கு மாதமும் முப்பத்தொரு பிள்ளைகளுடையது. கடைசியில் எழுதினாள். எழுதிப் பதிவுத் தபாலில் போட்டாள். ஒன்பது மாதம் கழித்துச் சிங்களத்தில் பதில் வந்தது, விசாரணைக்கு வரச் சொல்லி.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். ஏன் பொய்ப் படம் அனுப்பினாய் என்று முதலாமவர் கேட்டார், ஏன் இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்தாய் என்று இரண்டாமவர் கேட்டார். இரண்டும் நியாயமான கேள்வி. நீங்கள் ஏன் புத்தகம் இல்லாமல் படம் கேட்டீர்கள் என்பது அவள் வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். எனக்கு என்ன தண்டனையும் தாருங்கள், முப்பத்தொரு மொடியூல் மட்டும் தாருங்கள் என்றாள். மூன்றாமவர் தமிழர், பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இப்ப கேட்டு என்ன செய்யிறது டீச்சர்? அந்தப் பாடத்திட்டத்தையே போன மாதம் நிப்பாட்டியாச்சு. மேல ஆக்கள் மாறிட்டினம். குறைபாடு கனக்க எண்டு புதுசா ஒண்டு எழுதுகினம். மிச்சமிருந்த மொடியூலெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டுது." ஜெயராணியின் இரண்டு சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்டதற்கு, இடைக்காலத்தில் பாதிக்கப்பட்ட மாணவர்கள் ஆறாம் தரத்தை முடித்தவர்களாகக் கருதப்படுவர் என்று ஒரு வரி எழுதிக்கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளை வயதுப்படி ஒன்பதாம் தரத்தில் உட்காரவைத்தார்கள். உயரமான மேசைகளில் அவர்களுடைய கை எட்டவில்லை, கரும்பலகை தெரியவில்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை பின்னேரம் முப்பத்தொரு பேரும் யாரும் சொல்லாமலே புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஆறு பிக்குத் திரும்பி வந்து, வெயிலில் கிடந்த குடைகளை மடக்கி ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

விசாரணைக்குப் பிறகு விஷயம் ஊருக்குத் தெரிந்தது. பெற்றோர் சிலர் பாடசாலை வாசலில் நின்று கத்தினார்கள். பைறோஸா ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. காளியப்பன் ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். வந்தவர் உட்காரவில்லை. "உங்க புள்ளயும் அதுல இருக்கு டீச்சர். அதனால நான் ஒண்ணும் கேக்க வரல்ல. பல்லு ஆடுறது மட்டும் ராவாப் பகலா அவனுக்கு வலிக்குது, அத மட்டும் யாராவது டொக்டர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க," என்றுவிட்டுப் போனார். பிடித்து நாலு வார்த்தை ஏசியிருந்தால் ஜெயராணி பிழைத்திருப்பாள். காலம் போகப் போகக் கோபமும் களைத்துவிட்டது. ஒரு சீருடையே வருடக்கணக்கில் போதும், சப்பாத்துச் சின்னதாவதில்லை, பொடியன் கெட்ட சகவாசத்துக்குப் போகும் வயதுக்கு வருவதுமில்லை என்று பைறோஸாவே சொல்ல ஆரம்பித்தாள். வருடாந்தப் புள்ளிவிவரத்தில் இடைவிலகல் ஒன்றுகூட இல்லாத ஒரே வகுப்பு என்று ஆறு பி குறிப்பிடப்பட்டது. புதிய பாடத்திட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பாடத்திட்டம் ஆறு ஏயிலும் ஆறு சீயிலும் தொடங்கியது. அதன் தமிழ் மொழிபெயர்ப்பு அச்சில் இருந்தது.

ஐந்தாம் வருடம் டிலுக்ஷி பெரியபிள்ளையானாள். பதின்மூன்று வயது, அம்மாவின் தோளைத் தாண்டி நின்றாள். கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம் பிடித்து ஞாயிற்றுக்கிழமை சடங்கு வைத்தார்கள். மஸ்கெலியாவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். சடங்குத் தட்டுகளை வயதுக்கு வராத சின்னப் பெண்பிள்ளைகள்தான் வரிசையாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், எண்ணிக்கை ஒற்றையாக இருக்க வேண்டும். பதினொரு தட்டு வைத்திருந்தார்கள், பத்துப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிறப்புச் சான்றிதழின்படி பதினாறு வயது நிரம்பிய சுபாஷினி வந்து பதினோராவது தட்டை எடுத்துக்கொண்டாள். அது பூத்தட்டு. அவளுக்கு அது சரியான பாரமாக இருந்தது, முழங்கையை இடுப்பில் முட்டுக் கொடுத்துத் தூக்கினாள்.

சுமனின் அத்தை, பத்து வருடமாகக் கொழும்புப் பக்கம் வராதவர், வாசலில் ஜெயராணியின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையைப் பார்த்தார். "மூத்தவ நல்லா வளந்துட்டாளே, கண்ணு பட்டுரும். பூத்தட்டு தூக்கிட்டு வர்றாளே இது யாரு, சின்னவளா?" என்று கேட்டார். சுபாஷினி அப்போது அவர்களைத் தாண்டிப் போகிற அளவுக்குக் கிட்டத்தில் வந்திருந்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள், எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாராவது வாயைத் திறந்திருக்கலாம். ஜெயராணியே சொல்லியிருக்கலாம். நல்ல நாள், நல்ல நேரம், ஊரெல்லாம் கூடியிருக்கிறது, இப்போது எதற்கு அதை இழுப்பானேன் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஆமா அத்தை. இவ சின்னவ," என்றாள் ஜெயராணி.

சுபாஷினியின் காதில் அது விழுந்தது. அவள் திரும்பி அம்மாவைப் பார்க்கவில்லை. தட்டைக் கோணாமல் பிடித்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளோடு மேடைப் படி ஏறி, தட்டை இறக்கி வைத்தாள். டிலுக்ஷியின் கொண்டையிலிருந்து மல்லிகைச் சரம் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. சுபாஷினி எட்டிச் சரிசெய்யப் பார்த்தாள், கை எட்டவில்லை.

"அக்கா, கொஞ்சம் குனிங்க, பூ விழுது," என்றாள்.

டிலுக்ஷி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து கொடுத்தாள். சடங்கு பன்னிரண்டு மணிக்கு முடிந்தது, சாப்பாடு எல்லோருக்கும் போதுமாக இருந்தது, மஸ்கெலியா பஸ் மூன்றரைக்குக் கிளம்பியது. மறுநாள் திங்கட்கிழமை சுபாஷினி ஆறு பிக்குப் போனாள்.